கம்ப்யூட்டரில் வரைவோம், பட்டறையில் செய்து வாங்குவோம்

மெக்கானிக்கல் படிக்கும் பிள்ளைக்காக வீட்டில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறீர்களா? அதில் சினிமா பார்க்கலாம், கேம் விளையாடலாம், புராஜெக்ட் ரிப்போர்ட் டைப் செய்யலாம். இவை எல்லோருக்கும் தெரிந்தவை. வீட்டில் உடைந்து கிடக்கும் ஒரு சாமானுக்கு மாற்றுப் பாகத்தை வரைந்து, லேத் பட்டறையில் செய்து வாங்கவும் அதே கம்ப்யூட்டர் போதும். வரைவதற்கான சாப்ட்வேருக்கு ஒரு பைசா செலவில்லை. அதை எப்படிச் செய்வது என்று இந்தக் கட்டுரையில் படிப்படியாகப் பார்ப்போம்.

ஆனால் சாப்ட்வேரைக் கற்றுக் கொள்வது பாதி வேலைதான். மீதிப் பாதியை நான் ஒரு தவறு செய்த பிறகே கற்றுக் கொண்டேன். நீங்களும் அதே தவறைச் செய்யக் கூடாது என்பதால் முதலில் அதைச் சொல்லி விடுகிறேன்.

ஓவேலியில் நடந்தது

என் ஊர் நீலகிரி மாவட்டம் கூடலூருக்குப் பக்கத்தில் உள்ள ஓவேலி. நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்து விட்டு சாப்ட்வேர் வேலைக்குப் போனவன். என் சித்தப்பா மகன் டிப்ளமோ மெக்கானிக்கல் முதலாண்டு படிக்கிறான். ஒரு மழைக்காலத்தில் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். சித்தப்பா முதுகில் மாட்டி மருந்து அடிக்கும் ஸ்பிரேயர் ஓர் ஓரமாகக் கிடந்தது. கைப்பிடி ஆடும் இடத்தில் இருந்த பிளாஸ்டிக் புஷ் உடைந்து விட்டதாம். அந்த மாடலுக்கு ஸ்பேர் கிடைக்கவில்லை.

மழைக்காலத்தில் தேயிலைக்கு வரும் கொப்புள நோய் ஒரு பூஞ்சை நோய். நாம் பறிக்கும் இளந்தளிரைத்தான் அது பிடிக்கும். மழை விட்ட நேரம் பார்த்து மருந்து அடித்தாக வேண்டும். ஸ்பிரேயர் இல்லை என்றால் அந்த வாரத்துக் கொழுந்து போய் விடும்.

“கவலைப்படாதீங்க சித்தப்பா, நாங்க டிசைன் பண்றோம்” என்றேன். தம்பியின் புது லேப்டாப்பில் உட்கார்ந்தோம். அரை மணி நேரத்தில் அழகான முப்பரிமாணப் படம் தயார். கைப்பிடி சுழலும் பின்னை அளந்தேன், 11.6 மி.மீ. இருந்தது. புஷ்ஷின் துளைக்கு 11.7 மி.மீ. கொடுத்தேன். பஸ் ஏறி கூடலூர் போய் ஒரு லேத் பட்டறையில் கொடுத்து, நைலானில் கடைந்து வாங்கி வந்தோம்.

வீட்டுக்கு வந்து மாட்டினால், புஷ் பின்னின் முனையிலேயே நின்று விட்டது. உள்ளே போகவே இல்லை.

“அண்ணா, சாப்ட்வேர்ல ஏதாவது தப்பா?” என்று தம்பி கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மறுநாள் பின்னையும் எடுத்துக் கொண்டு பட்டறைக்குப் போனோம். லேத்காரர் பின்னை வாங்கி விரலால் ஒரு முறை தடவிப் பார்த்தார்.

“தம்பி, டிராயிங்ல இருக்கிறபடிதான் நான் கடைஞ்சேன். நீங்க நடுவுல தேஞ்ச இடத்தை அளந்துட்டு வந்திருக்கீங்க. முனையில அளந்து பாருங்க.”

அளந்தேன். 12.0 மி.மீ. பல வருடம் ஆடி ஆடி பின் நடுவில் மட்டும் 0.4 மி.மீ. தேய்ந்திருக்கிறது. 11.7 மி.மீ. துளை 12 மி.மீ. முனையைத் தாண்டி எப்படிப் போகும்? நான்கு வருடம் இன்ஜினியரிங் படித்த என் கண்ணுக்குத் தெரியாதது அவர் விரலுக்குத் தெரிந்து விட்டது. வெயில் அடித்த ஒரு நல்ல காலை நேரமும் எங்களுக்கு வீணாகி விட்டது.

இனி அந்த புஷ்ஷையே உதாரணமாக வைத்து, சரியான முறையில் செய்து பார்ப்போம்.

படி 1: அளவெடுத்தல்

கம்ப்யூட்டரை ஆன் செய்ய அவசரப்படாதீர்கள். முதலில் ஒரு வெர்னியர் காலிப்பர் வாங்குங்கள். சாதாரண ரகம் சில நூறு ரூபாயில் கிடைக்கும். அதில் பெரிய தாடை வெளி விட்டத்தையும், மேலே உள்ள சிறிய தாடை துளையின் உள் விட்டத்தையும், பின்னால் நீளும் கம்பி ஆழத்தையும் அளக்கும்.

பள்ளியில் படித்தது ஞாபகம் இருக்கிறதா? 50 கோடுகள் உள்ள வெர்னியரில் மீச்சிற்றளவு 0.02 மி.மீ. மெயின் ஸ்கேலில் 12 மி.மீ. தாண்டி, வெர்னியரின் 5-வது கோடு ஒத்துப் போனால் அளவு 12 + 5 x 0.02 = 12.10 மி.மீ. பிரான்சைச் சேர்ந்த பியர் வெர்னியர் 1631-ல் சொல்லித் தந்த இந்த முறை இன்றும் எல்லாப் பட்டறையிலும் இருக்கிறது.

அளக்கும்போது கவனிக்க வேண்டியவை:

1. தாடைகளை மூடிப் பாருங்கள். பூஜ்யம் காட்ட வேண்டும். 0.04 காட்டினால் ஒவ்வொரு அளவிலும் 0.04-ஐக் கழிக்க வேண்டும்.

2. ஒரே இடத்தில் அளந்து நிறுத்தாதீர்கள். இரண்டு முனைகள், நடு என்று மூன்று இடங்களில் அளந்து மூன்றையும் எழுதுங்கள். மூன்றும் ஒன்றாக இல்லை என்றால் பொருள் தேய்ந்திருக்கிறது அல்லது வளைந்திருக்கிறது.

3. தேயாத இடத்து அளவுதான் அசல் அளவு. பெரும்பாலும் அது 12, 18, 20 போன்ற முழு எண்ணுக்கு மிக அருகில் வரும். 11.6 போன்ற அளவு வந்தால் சந்தேகப்படுங்கள்.

4. உடைந்த பாகத்தை மட்டும் அளக்காதீர்கள். அது எதற்குள் போகிறது, அதற்குள் எது போகிறது என்பதையும் அளக்க வேண்டும்.

எங்கள் ஊர்ப் பெயரிலேயே அளவை சம்பந்தம் உண்டு. ஆக்டர்லோனி வேலி என்பதுதான் சுருங்கி ஓவேலி ஆனது. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஜான் ஆக்டர்லோனி என்ற ராணுவ இன்ஜினியர் 1840-களில் நீலகிரி மலையையே அளந்தவர். அந்த ஊரில் பிறந்து விட்டு ஒரு பின்னை ஒழுங்காக அளக்கவில்லையே என்று பிறகு நினைத்துக் கொண்டேன்.

எங்கள் புஷ்ஷின் அளவுகள் இவை: பின் 12 மி.மீ., கைப்பிடியில் புஷ் உட்காரும் துளை 18 மி.மீ., புஷ்ஷின் விளிம்பு (காலர்) 24 மி.மீ. விட்டம், 3 மி.மீ. கனம், மொத்த நீளம் 23 மி.மீ. இதை ஒரு தாளில் பென்சிலால் கை வரைபடமாக வரைந்து அளவுகளைக் குறித்துக் கொள்ளுங்கள். இந்தத் தாளைப் பார்த்துத்தான் கம்ப்யூட்டரில் வரையப் போகிறோம்.

படி 2: ஃப்ரீகேட்

ஃப்ரீகேட் ஓர் இலவச, ஓப்பன் சோர்ஸ் சாப்ட்வேர். 2002-ல் தொடங்கப்பட்டு, 2024 நவம்பரில் 1.0 பதிப்பு வெளியானது. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இயங்கும். ஒரு முறை டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்து விட்டால் பிறகு இன்டர்நெட் தேவையில்லை. லைசென்ஸ் முடிந்து விடும் என்ற பயமும் இல்லை. கல்லூரியில் வேறு சாப்ட்வேர் சொல்லித் தந்தாலும் வரையும் முறை ஏறக்குறைய இதே போலத்தான் இருக்கும். ஃப்ரீகேட் டாட் ஆர்க் என்ற அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் டவுன்லோட் செய்யுங்கள்.

இப்பொழுது வரைவோம். பதிப்புக்குப் பதிப்பு பட்டன்களின் பெயர் சற்று மாறியிருக்கலாம், குழம்ப வேண்டாம்.

1. ஃப்ரீகேட்டைத் திறந்து புதிய பைல் ஒன்றைத் தொடங்குங்கள். மேலே உள்ள ஒர்க்பெஞ்ச் பட்டியலில் ‘பார்ட் டிசைன்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

2. ‘கிரியேட் பாடி’ பட்டனை அழுத்தி, பிறகு ‘கிரியேட் ஸ்கெட்ச்’ பட்டனை அழுத்துங்கள். எந்தத் தளத்தில் வரைய வேண்டும் என்று கேட்கும். எக்ஸ்-ஒய் தளத்தைத் தேர்வு செய்து ஓகே கொடுங்கள்.

3. வட்டம் வரையும் கருவியை எடுத்து, நடுவில் கோடுகள் வெட்டிக் கொள்ளும் புள்ளியில் சரியாகக் கிளிக் செய்து, ஏதாவது ஓர் அளவில் வட்டம் வரையுங்கள். பிறகு விட்டத்தைக் குறிக்கும் கன்ஸ்ட்ரெயின்ட் கருவியால் வட்டத்தைக் கிளிக் செய்து 24 என்று டைப் செய்யுங்கள். வட்டம் பச்சை நிறமாக மாறும். எல்லா அளவும் முடிவாகி விட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். ஸ்கெட்ச்சை மூடுங்கள்.

4. ‘பேட்’ பட்டனை அழுத்தி நீளம் 3 என்று கொடுத்து ஓகே செய்யுங்கள். தட்டையான வட்டம் இப்பொழுது கனமான வில்லை ஆகி விடும். இதுதான் காலர்.

5. மறுபடியும் எக்ஸ்-ஒய் தளத்தில் புதிய ஸ்கெட்ச். நடுப்புள்ளியில் 18.05 மி.மீ. விட்டமுள்ள வட்டம். பேட் நீளம் 23. (18.05 ஏன் என்று அடுத்த படியில் சொல்கிறேன்.)

6. மூன்றாவது ஸ்கெட்ச், அதே தளத்தில் 12.2 மி.மீ. வட்டம். இம்முறை பேட் வேண்டாம், ‘பாக்கெட்’ பட்டனை அழுத்துங்கள். டைப் என்ற இடத்தில் ‘த்ரூ ஆல்’ என்று கொடுத்தால் இந்தக் கடைசி முதல் அந்தக் கடைசி வரை துளை விழும். துளை விழவில்லையா? பயப்படாதீர்கள். எதிர்த் திசையில் வெட்டப் பார்க்கிறது. ‘ரிவர்ஸ்டு’ என்பதில் டிக் செய்யுங்கள்.

புஷ் தயார். துளையை மாற்ற வேண்டுமா? இடது பக்கப் பட்டியலில் மூன்றாவது ஸ்கெட்ச்சை டபுள் கிளிக் செய்து 12.2-ஐ மாற்றினால் போதும், மீதி தானாக மாறிக் கொள்ளும். இதைத்தான் பாராமெட்ரிக் முறை என்கிறார்கள். பைலை சேவ் செய்ய மறந்து விடாதீர்கள்.

படி 3: விட்டுக் கொடுக்கும் அளவு

பின் 12 மி.மீ. என்றால் துளையும் 12 மி.மீ. கொடுக்க வேண்டியதுதானே என்று தம்பி கேட்டான். திரையில் அது சரியாகப் பொருந்தும். கையில் பொருந்தாது. எந்த மெஷினும் 12.00 மி.மீ. என்று சொன்னால் துல்லியமாக அதே அளவில் செய்யாது. கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்று நாம் சொல்வதுதான் டாலரன்ஸ்.

பாடப் புத்தகத்தில் எச்7 என்று ஒரு குறியீடு பார்த்திருப்பீர்கள். 12 மி.மீ. துளைக்கு எச்7 என்றால் 12.000 முதல் 12.018 மி.மீ. வரை இருக்கலாம் என்று அர்த்தம். மோட்டார் பேரிங்குக்கு இந்த நுணுக்கம் வேண்டும். கையால் ஆட்டும் ஸ்பிரேயருக்கு எதற்கு? டாலரன்ஸ் குறுகக் குறுகப் பட்டறையில் நேரமும் கூலியும் ஏறும்.

எங்கள் புஷ்ஷுக்கு முடிவு செய்தது இதுதான். வெளி விட்டம் 18.05 முதல் 18.10 வரை. 18 மி.மீ. துளைக்குள் சுத்தியலால் லேசாகத் தட்டி ஏற்றினால் இறுக்கமாக நிற்கும், கூடச் சுற்றாது. உள் துளை 12.20 முதல் 12.30 வரை.

உள்ளே இவ்வளவு இடம் விட இரண்டு காரணங்கள். முதலாவது, வெளிப்பக்கம் இறுக்கினால் நைலான் உள்பக்கமும் சற்று சுருங்கும். இரண்டாவது, நைலான் ஈரத்தை உறிஞ்சி உப்பும். ஓவேலி மழையில் அது உப்பாமல் இருக்காது. இதையும் லேத்காரர்தான் சொன்னார்.

இன்னொன்றும் சொன்னார். தேய்ந்த பின்னிலேயே புது புஷ் போட்டால் ஆட்டம் நிற்காது, புஷ்ஷும் சீக்கிரம் போய் விடும். அதனால் 12 மி.மீ. பிரைட் பாரில் ஒரு துண்டு வெட்டிப் புது பின்னும் செய்து தந்தார்.

படி 4: டிராயிங் தாள்

லேத்காரரிடம் லேப்டாப்பைத் திறந்து காட்டிக் கொண்டிருக்க முடியாது. கையில் கிரீஸ் இருக்கும். ஒரு தாள்தான் வேண்டும். ஃப்ரீகேட்டில் ‘டெக்டிரா’ என்ற ஒர்க்பெஞ்ச்சுக்குப் போய்ப் புதிய பக்கம் ஒன்றைச் சேருங்கள். இடது பட்டியலில் பாடியைத் தேர்ந்தெடுத்து ‘இன்சர்ட் வியூ’ கொடுத்தால் முன்தோற்றம் தாளில் வந்து விடும். மேல் தோற்றத்தையும் சேர்த்துக் கொள்ளுங்கள். நம் நாட்டுப் பாடங்களில் ‘பர்ஸ்ட் ஆங்கிள்’ முறைதான் பயன்படுத்துகிறோம், அது சரியாக உள்ளதா என்று பாருங்கள்.

பிறகு அளவுகளைச் சேருங்கள். ஓர் அளவை டபுள் கிளிக் செய்தால் டாலரன்ஸ் கொடுக்க இடம் வரும். தாளின் மூலையில் பாகத்தின் பெயர், மெட்டீரியல், எத்தனை வேண்டும், அளவு மி.மீ.-ல், தேதி ஆகியவற்றை எழுதுங்கள். முடிந்ததும் பைல் மெனுவில் பிடிஎஃப் ஆக எக்ஸ்போர்ட் செய்யுங்கள்.

தாளை முடித்ததும் ஒரு சின்ன சோதனை. பக்கத்து வீட்டு மாணவர் யாரிடமாவது கொடுத்து, உங்களிடம் எதுவும் கேட்காமல் இந்தப் பொருளைக் களிமண்ணில் செய்ய முடியுமா என்று கேளுங்கள். அவர் ஒரு கேள்வி கேட்டாலும் தாளில் ஓர் அளவு விட்டுப் போயிருக்கிறது.

படி 5: காசு செலவழிக்கும் முன் பேப்பரில் பாருங்கள்

இதை நான் முதலிலேயே செய்திருந்தால் ஒரு பஸ் பயணம் மிச்சமாகியிருக்கும். டிராயிங்கின் ஸ்கேலை 1 : 1 என்று வைத்து வீட்டுப் பிரிண்டரில் பிரிண்ட் எடுங்கள். பிரிண்ட் டயலாக் பாக்சில் ‘ஃபிட் டு பேஜ்’ இருந்தால் எடுத்து விட்டு ‘ஆக்சுவல் சைஸ்’ கொடுங்கள். இல்லாவிட்டால் படம் சத்தமில்லாமல் சுருங்கி விடும். சரிபார்க்கத் தாளில் 100 மி.மீ. கோடு ஒன்றையும் வரைந்து, பிரிண்ட் எடுத்த பின் ஸ்கேலால் அளந்து பாருங்கள்.

இப்பொழுது வட்டத்தை வெட்டியெடுத்து அசல் பொருளின் மேல் வைத்துப் பாருங்கள். பேப்பரில் 0.1 மி.மீ. வித்தியாசம் தெரியாது. ஆனால் காலர் எங்கேயாவது இடிக்கிறதா, துளை இடம் மாறியிருக்கிறதா, அளவை மாற்றி எழுதி விட்டோமா என்பதெல்லாம் தெரிந்து விடும்.

படி 6: லேத்தா, 3டி பிரிண்டரா?

புஷ் போல உருண்டையான பாகத்துக்கு லேத் நல்லது. வளைவு நெளிவான பாகத்துக்கு 3டி பிரிண்டர் வசதி. அதற்கு பைல் மெனுவில் எக்ஸ்போர்ட் கொடுத்து எஸ்.டி.எல். பைலாக சேவ் செய்து கொடுக்க வேண்டும். சாதாரண 3டி பிரிண்டரில் துளைகள் வரைந்ததை விடச் சற்று சிறியதாகவே வரும். அதற்கும் சேர்த்து அளவு விடுங்கள். பிரிண்டரில் அதிகம் பயன்படும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரி செல்சியஸ் சூட்டிலேயே இளகும். வெயிலில் மூடி நிற்கும் காரின் டேஷ்போர்டில் அதை வைக்க வேண்டாம்.

பிரித்துப் பார்த்தவர்கள்

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் முதலாண்டிலேயே இன்ஜினியரிங் கிராபிக்ஸ் பாடமும் இன்ஜினியரிங் பிராக்டிசஸ் லேபும் உண்டு. முன்னதில் வரைகிறோம், பின்னதில் அராவுகிறோம், கடைகிறோம். நான் படித்தபோதும் இரண்டும் இருந்தன. ஆனால் முன்னதில் வரைந்த ஒன்றைக் கூட பின்னதில் செய்து பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மார்க் வந்தது, அதோடு விட்டு விட்டேன்.

நம் ஊரில் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்கள் உண்டு. கோவை ஜி.டி. நாயுடு (1893 - 1974) இளவயதில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, பிறகு அதை வாங்கிப் பிரித்துப் பூட்டியே இயந்திரம் கற்றவர். 1945-ல் அவருடைய கொடையால் தொடங்கிய ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரிதான் இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி. அதே கோவையில் பி.எஸ்.ஜி. தொழிற்கூடம் 1926-லேயே வந்து விட்டது. பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி அதன் பக்கத்தில் 1951-ல் தான் வந்தது. பட்டறை முதலில், வகுப்பறை பிறகு!

மாணவர்களுக்கு ஒரு வீட்டுப் பாடம்

மாதம் ஒரு பொருள் எடுத்துக் கொள்ளுங்கள். குடை, தாழ்ப்பாள், சைக்கிள் பெடல், பழைய மிக்சியின் கப்ளர் என்று எதுவாகவும் இருக்கலாம். கரண்ட்டில் ஓடும் சாமானாக இருந்தால் பிளக்கைப் பிடுங்கி விட்டுத் தொடுங்கள். பிரிக்கும்போது ஒவ்வொரு கட்டத்திலும் செல்போனில் ஒரு போட்டோ எடுங்கள். ஒரு பாகத்தை மூன்று இடத்தில் அளந்து, கையால் வரைந்து, ஃப்ரீகேட்டில் வரைந்து, 1 : 1 பிரிண்ட் எடுத்து வைத்துப் பாருங்கள். பிறகு திரும்பப் பூட்டுங்கள். ஆறு மாதத்தில் ஆறு டிராயிங் சேர்ந்து விடும். அதில் ஒன்றையாவது ஒரு பட்டறையில் செய்து வாங்குங்கள். செய்யும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். “இந்த டிராயிங்கில் என்ன குறை அண்ணா?” என்று கேளுங்கள். எனக்குக் கல்லூரியில் தெரியாமல் போனவற்றை அந்தக் கேள்விதான் சொல்லித் தந்தது.

இரண்டாவது புஷ் சரியாக ஏறியது. மறுநாள் காலை மழை விட்டிருந்தது. சித்தப்பா ஸ்பிரேயரை முதுகில் மாட்டிக் கைப்பிடியை இரண்டு முறை ஆட்டிப் பார்த்து விட்டு, ஒன்றும் சொல்லாமல் தோட்டத்துக்கு இறங்கிப் போனார். முதலில் செய்த 11.7 மி.மீ. புஷ்ஷைத் தம்பி தூக்கி எறியவில்லை. லேப்டாப் பக்கத்தில் வைத்திருக்கிறான். ஒவ்வொரு முறை வரைய உட்காரும்போதும் அவன் முதலில் கையில் எடுப்பது மவுஸ் அல்ல, வெர்னியர். நீங்களும் அப்படியே தொடங்குங்கள்.